பழைய மிஷினுக்கே போகிறேன் என்றேன்

என் முதலாளி இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்கியதற்குக் காரணம் வயிற்றெரிச்சல்தான். காஞ்சிபுரத்தில் அவருக்குப் பங்காளி முறையில் ஒரு பட்டுக்கடைக்காரர் இருந்தார். அவர் கடையில் புது மாடல் வந்து இறங்கிவிட்டது என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று மதியமே இவர் மெட்ராஸ் டீலருக்கு டிரங்கால் போட்டுவிட்டார். எங்களிடம் இருந்த மிஷினுக்கு என்ன குறை என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை ஓட்டியவள் நான் ஒருத்திதான்.

எண்பதுகளின் கடைசி அது. ஆரணியில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் பி.எஸ்ஸி. கணக்கு முடித்து, வேலூரில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸும் படித்திருந்தேன். முதலாளிக்கு ஊரிலும் சுற்றுப்பட்டிலும் தறிகள் ஓடின. அவற்றுக்கான டிசைன்களை மிஷினில் ஏற்றுவது என் வேலை. சேலையின் கரையில் ஒரு மயில் வரவேண்டுமென்றால் முதலில் கட்டம் போட்ட தாளில் அதை வரைவார்கள். அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அட்டை தறியின் தலைமேல் ஏறி, எந்த இழை தூக்க வேண்டும் எந்த இழை கிடக்க வேண்டும் என்று சொல்லும். நான் அந்தக் கட்டங்களை எக்ஸும் புள்ளியுமாக அடிப்பேன். பாதி மயிலை அடித்தால் போதும், மீதியைத் திருப்பிப் போட நானே ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். ஒரு சேலையின் மயிலை எடுத்து இன்னொன்றின் கோபுரக் கரையோடு சேர்ப்பேன். பிரிண்டர் கர் கர்ரென்று அதை அடித்துத் தள்ளும். அட்டை குத்துகிறவர் தாளை வாங்கிக்கொண்டு போவார், தாள் திரும்பி வராது. அதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. எல்லாம் பிளாப்பியில் இருந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறி. ஒன்றில் நைனா. இன்னொன்று என்னுடையது. பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னும், காலேஜ் படித்த நாட்களிலும், அந்தக் குழியில்தான் என் கால் தொங்கியது. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறும். ஈரத்தில் கால் விறைத்துப் போனாலும் மிதிக்க வேண்டும். ஒரு இழை அறுந்தால் நைனா தன் தறியிலிருந்தே சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். நெசவைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அவர்களை ஐப்பசி மாதத்தில் ஒரு வாரம் குழியில் உட்கார வைத்துவிட்டுப் பேசச் சொல்ல வேண்டும்.

வேலைக்குப் போகிறேன் என்றபோது நைனா தடுக்கவில்லை. "போய்கினு இரு. என்னிக்கு அவங்க வாணாம்னு சொல்றாங்களோ, தறி இங்கதான் கீது" என்றார். பாவு நூல் ஏற்றாமல் என் தறியை அப்படியே விட்டு வைத்திருந்தார். தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் அந்தக் காலித் தறியில்தான் போய் விழும். அதில் மறுபடி இறங்கக்கூடாது. எனக்கு இருந்த ஒரே ஆசை அவ்வளவுதான்.

புது மிஷின் லாரியில் வைக்கோல் மெத்தைமேல் வந்தது. பழையதில் ஓடியது சி.பி.எம், புதியதில் டாஸ். மிஷின் என்ன வேலை செய்தாலும் அடியில் நின்று அதை ஆட்டி வைக்கிற புரோகிராம் அது. நான் அடிக்கப்போகும் உத்தரவுக்காக இரண்டும் திரையில் ஏ என்று ஒரே மாதிரி காட்டிக்கொண்டு நின்றன. நான் ஏமாந்ததே அதில்தான். பழையதில் ஒன்றைக் காப்பி எடுக்க வேண்டுமென்றால், எங்கே போக வேண்டும் என்பதை முதலில் சொல்லி, எங்கிருந்து என்பதைப் பிறகு சொல்ல வேண்டும். டாஸில் தலைகீழ். கைக்குப் பழகினது போகுமா? முதல் வாரமே பழைய பழக்கத்தில் அடித்துவிட்டேன். அன்று முழுக்க உட்கார்ந்து அடித்த முந்தானையின்மேல் முந்தின நாள் காப்பி ஏறி உட்கார்ந்துகொண்டது.

அது போகட்டும் என்றால், டீலர் கொடுத்த டைப் அடிக்கிற புரோகிராம் நீளமான வரியை மடக்கி அடுத்த வரியில் போட்டது. மயிலின் கழுத்து ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். எல்லாவற்றையும்விடப் பெரிய பேஜார், பழைய பிளாப்பி எதுவும் புதியதில் திறக்கவில்லை. மிஷினோடு வந்த டீலரின் ஆள், மெட்ராஸில் ஓர் இடம் இருக்கிறது, மாற்றித் தரச் சொல்லலாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான். ஆயுதபூஜை கழிந்ததும் வந்து பழைய மிஷினை எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு. அதுவரை அது மூலையில் துணி போர்த்தியபடி கிடந்தது.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. இருக்கிற கரைகளைக் கலந்து புது டிசைன்கள் கொடுக்க வேண்டும். என்னிடம் கலக்க ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் அந்த டாஸோடு மல்லுக்கட்டி உருப்படியாக நான் முடித்தது ஒரே ஒரு கரை. மற்றபடி, மூலையில் கிடந்ததைப் பார்ப்பதும் இதைப் பார்ப்பதுமாக நாள் போனது. புதியதைப் பழகாமல் ஓடினால் படித்தவள் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை என்று ஒரு மனம் சொல்லும். மானம் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை போய்விடும் என்று இன்னொரு மனம் சொல்லும். சாப்பிடும்போதுகூட இதே நினைப்புதான். அம்மா எனக்குக் காதல் கீதல் ஏதாவது இருக்குமோ என்று பயந்து பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கிறாள்.

கடைசியில் முதலாளி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பழைய மிஷினுக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். டீலரிடம் அதைக் கொடுக்க வேண்டாம், பொங்கல் வரைக்குமாவது இருக்கட்டும், அதற்குள் மெட்ராஸில் எல்லாவற்றையும் மாற்றி வாங்கிவிடலாம் என்றேன். பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உனக்கு எது கைக்கு வருகிறதோ அதை வைத்துக்கொள், பூஜை முடியட்டும், டீலருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். அவ்வளவுதான். இதற்காகவா இரண்டு மாதம் செத்தேன் என்று தோன்றியது. அன்று நேராக வீட்டுக்குப் போகாமல் கோட்டைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு, பக்கோடா வாங்கிக்கொண்டு போனேன். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

ஆயுதபூஜைக்கு எங்கள் ஊரில் எதுவும் மிச்சம் வைக்க மாட்டார்கள். தறியில் ஓடுகிற நாடா, கத்தரிக்கோல், தராசு, சைக்கிள், அட்டைக் கட்டு என்று தொழிலுக்குக் கை கொடுக்கிற அத்தனைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து சாமி முன்னால் அடுக்கிவிட வேண்டும். வைத்த பிறகு மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. கடை, கம்ப்யூட்டர் ரூம் எல்லாம் முதலாளி வீட்டோடு சேர்ந்தே இருந்ததால் இதெல்லாம் அவர் மனைவியின் பொறுப்பு. முதலாளியம்மா நல்ல மனுஷி. மதியம் நான் டிபன் பாக்ஸைத் திறந்தால் தன் வீட்டுக் குழம்பை ஒரு கரண்டி ஊற்றாமல் விடமாட்டார். பெற்றவள்கூட என்னை அப்படிக் கவனித்ததில்லை.

அன்று சாயங்காலம் குளித்துவிட்டு, பட்டுப்பாவாடை தாவணியெல்லாம் தாண்டிய வயதில் ஒரு நல்ல சேலை கட்டிக்கொண்டு பூஜைக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் ரூமுக்குள் எட்டிப் பார்த்தேன். புது மிஷினுக்குச் சாமந்தி மாலை. பழையதின்மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்துவிட்டு அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள். பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு தரையில் இருந்த பித்தளைத் தட்டுகளைப் பார்த்தேன். அவற்றில் பிளாப்பிகளை வெற்றிலை அடுக்குகிற மாதிரி வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒன்றின்மேலும் காகித உறை இல்லை.

பிளாப்பியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கறுப்புச் சதுரம், நடுவில் வட்ட ஓட்டை, அதற்குக் கீழே நீளமாக ஒரு பிளவு. அந்தப் பிளவில் தெரிகிற பழுப்பு நிறத் தகட்டில்தான் எல்லாம் எழுதியிருக்கும். விரல்கூடப் படக்கூடாது. அங்கேதான் கல்லில் இழைத்த சந்தனம் ஈரம் காயாமல் அப்பியிருந்தது. அதன்மேல் குங்குமம். பொட்டு வைக்க ஓர் இடம் தேடினால் யார் கையும் அங்கேதான் போகும். பார்ப்பதற்கும் அது நெற்றி மாதிரியேதான் இருந்தது.

முதலாளியம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். நான் பார்ப்பதைப் பார்த்து அவருக்குப் பெருமை.

"கவரு மேல வெச்சா கவருக்கு வெச்ச மாரி ஆயிடும் இல்ல? அதான் எல்லாத்தியும் வெளிய எடுத்து நானே வெச்சேன் கண்ணு. பீரோவுல ஒண்ணுகூட வுடல."

பீரோவில் இருந்தவைதான் நான் எடுத்து வைத்த காப்பிகள்.

கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். கற்பூரம் காட்டினார்கள். தட்டில் இருந்ததை இப்போதே எடுத்துத் துடைத்தால் பாதியாவது பிழைக்குமோ என்று கை பரபரத்தது. பூஜையில் வைத்ததைத் தொட்டால் அந்த வீட்டில் அதைவிட அபசகுனம் கிடையாது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, எல்லாம் சரியாகிவிட்ட பிறகா இது வர வேண்டும் என்று உள்ளே கதறினேன். பிரசாதமாகக் கொடுத்த சுண்டலைத் தின்றேன். எல்லோரும் தின்றார்கள்.

மறுநாள் விஜயதசமி. பஞ்சும் தண்ணீருமாக உட்கார்ந்தேன். சந்தனம் காய்ந்து தகட்டோடு ஒட்டியிருந்தது. துடைக்கத் துடைக்கக் குங்குமம் வட்டம் வட்டமாக உள்ளே பரவியது. மிஷினைக் கிளப்புகிற பிளாப்பியில் மட்டும் பொட்டு சற்றுத் தள்ளி விழுந்திருந்ததால் திரையில் ஏ வந்தது. அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். மயில் இருந்த பிளாப்பியைப் போட்டேன். டக் டக்கென்று இடித்துவிட்டு, பேட் செக்டார், படிக்க முடியவில்லை என்றது. அடுத்ததும் பேட் செக்டார். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனேன். போடப் போட அத்தனை சந்தனமும் மிஷினின் வாய்க்குள்ளேயே போயிற்று. மத்தியானத்துக்குமேல் அது ஏ கூடக் காட்டவில்லை. டீலருக்குப் போன் போட்டால், பிளாப்பியைப் படிக்கிற ஹெட் போயிருக்கும், அதற்கெல்லாம் இப்போது ஸ்பேர் வருவதில்லை என்றார்கள்.

நான் அடித்து வைத்த அத்தனை கரையும், அத்தனை முந்தானையும் ஒரு நாளில் போயின. அன்று சாயங்காலம் முதலாளியிடம் சொல்லப் போனேன். அவர் மனைவியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பிளாப்பி எல்லாம் கெட்டுவிட்டது, டிசைன் எல்லாம் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். அப்படி உட்கார்ந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"டிசைன் எங்கம்மா போச்சு?" என்றார். "அட்ட கீது இல்ல."

எனக்குப் புரியவில்லை. தீபாவளிக்குப் புதிதாகக் கேட்டீர்களே என்றேன்.

"அதே அட்டைய ஏத்தி நெய்யச் சொல்லியாச்சு. போன மாசமே. கலர மாத்தினா புது டிசைன்தான். வாங்கறவங்க என்ன கட்டத்த எண்ணியா பாக்கப் போறாங்க?"

போன மாதமே. நான் டாஸா சி.பி.எம்மா என்று சோறு இறங்காமல் கிடந்த மாதம். பாவு ஓடி, தறியும் ஓடி, பாதிச் சேலை இறங்கியிருக்கிறது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் எதற்குத் திரும்பியிருந்தாலும், எதற்கும் திரும்பாமல் இருந்திருந்தாலும், அந்தக் கடையில் ஒரு நூல் கூட நின்றிருக்காது. அன்று நான் அடைந்த அவமானத்தை யாரிடமும் சொல்லி அழவும் முடியவில்லை.

அப்படியானால் நான் நாளையிலிருந்து வர வேண்டாமா என்று கேட்டேன். காலித் தறி கண் முன்னால் வந்தது.

"ஏன் வராம? பெங்களூர் பார்ட்டி, மெட்ராஸ் பார்ட்டி எல்லாம் வருவாங்க இல்ல, அப்ப அந்த ரூமுல மிஷினு ஓடிகினு இருக்கணும். அது முன்னால நீ ஒக்காந்துகினு இருக்கணும். அது போதும்."

இதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று பிற்பாடு எத்தனையோ வாக்கியங்கள் மனதில் வந்திருக்கின்றன. அன்று, சரிங்க முதலாளி என்றேன். நைனாவிடம் வேலை இருக்கிறது என்றேன். முதலாளியம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுநாளும் குழம்பு ஊற்றினார்.

அந்த வாரக் கடைசியில் பெங்களூரிலிருந்து சேலை வாங்குகிற ஒரு பார்ட்டி வந்தார். முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொள்ள, அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். நான் எக்ஸ் அடித்தேன். ஒரு வரி முழுக்க எக்ஸ், அடுத்த வரியில் புள்ளி, மறுபடி எக்ஸ். இந்தப் பெண் என்ன செய்கிறது என்று அவர் கேட்டார். தீபாவளிக்குப் புது டிசைன் போட்டுக்கொண்டிருக்கிறது என்று முதலாளி சொன்னார். நான் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். அவர்கள் காப்பி குடிக்கப் போனதும் புரோகிராமை மூடினேன். அடித்ததைச் சேமிக்க வேண்டுமா என்று டாஸ் மிஷின் கேட்டது. வேண்டாம் என்று அழுத்திவிட்டு, அடுத்த பார்ட்டி வரும்வரை நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.