செவலைக்குப் பூசிய மருந்து

நாய்க்கு உண்ணி பிடித்திருக்கிறது, எந்த மருந்து நல்லது என்று யாராவது என்னிடம் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வேப்பெண்ணெய்தான் உசத்தி என்று ஒரு கட்சி. டப்பாவில் வருகிற பொடிதான் உசத்தி என்று இன்னொரு கட்சி. இந்த இரண்டு கட்சிக்கும் ஒரே வீட்டில் சோறு வடித்துக் கொட்டியவள் நான். யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள். நாய் செத்துப்போனது.

சோரியாங்குப்பத்துக்குப் பக்கத்தில், பெண்ணையாற்றை ஒட்டி எங்களுக்குக் கரும்புக் கொல்லை இருந்தது. யுத்தம் முடிந்திருந்த சமயம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். எங்கள் பக்கம் பிரெஞ்சுக்காரன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கரும்பு முற்றினால் நரி வரும். நரியை விரட்ட எங்களிடம் இருந்தது செவலை ஒன்றுதான். தானாக வந்து ஒட்டிக்கொண்ட பெட்டை நாய். நான் கொல்லைக்குக் கூழ்ச்சட்டி தூக்கிக்கொண்டு போனால் வரப்பில் எனக்கு முன்னால் போகும். பாம்பு கிடந்தால் நின்றுவிடும், என்னையும் போகவிடாது. அந்த வீட்டில் நான் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரே ஜீவன் அதுதான். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அந்த வருஷம் மழை விட்டதும் அதற்கு உண்ணி ஏறியது. காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்து மடிப்பில் எல்லாம் ஆமணக்கு விதை மாதிரி தொங்கின. மத்தியானம் மடியில் தலையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சீமெண்ணெயில் போடுவேன். மறுநாள் பார்த்தால் மறுபடி இருக்கும். எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். தேட ஒன்றும் பெரிய படிப்பு வேண்டாம். அது படுக்கிற மாட்டுக் கொட்டாயின் மண்சுவர் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்பில் ஈர்க்குச்சியை விட்டுக் கிண்டினால் குஞ்சும் குளுவானுமாகக் கொட்டியது.

"மாமா, சொவுரு பூரா உண்ணிதான். ஆத்தோரத்துலேர்ந்து ஒரு வண்டி மண்ணு அடிச்சிக் குடுத்தீங்கன்னா சாணி போட்டுக் கொழைச்சி நானே பூசிடுவேன்" என்று மாமனாரிடம் சொன்னேன்.

"சொவுத்துக்கு இன்னாம்மா வந்துது? வேப்பெண்ணெயில வசம்ப அரைச்சிப் போடு, எந்த உண்ணி நிக்கும்?" என்றார் அவர்.

அங்கே பிடித்தது சனியன். என் கொழுந்தனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். ஊரில் அவரை 'சொல்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டாளத்துக்காரர் என்று அர்த்தம். வரும்போது ஒரு தகர டப்பாவில் வெள்ளைப் பொடி கொண்டுவந்திருந்தார். டிடிடி. அதை வைத்துக்கொண்டு அவர் பண்ணின அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல.

"நைனா, ஒங்க எண்ணெயத் தூக்கிக் குப்பையில போடுங்க. எங்க சட்டைக்குள்ள எல்லாம் இதத்தான் அடிச்சாங்க. ஒருத்தன் தலையில ஒரு பேன் இல்ல" என்பார் அப்பனிடம்.

"எவனோ குடுத்த வெசத்த எடுத்தாந்து என் வூட்ல போடாதடா. எம் பாட்டன் காலத்துலேர்ந்து எண்ணெயிலதான் எல்லாம் கேட்டிருக்குது."

காலையில் கூழ் குடிக்கும்போது ஆரம்பித்தால் மாட்டைக் கட்டும் வரைக்கும் ஓயாது. இதில் ஒரு கண்றாவி என்னவென்றால், எண்ணெய்க் கட்சி எண்ணெயைத் தொடவில்லை, பொடிக் கட்சி டப்பாவைத் திறக்கவில்லை. பெரியவர் பூசினால் சின்னவர் முறைப்பார், சின்னவர் தூவினால் பெரியவர் சாப்பிடமாட்டார். நான் வேப்பெண்ணெயை எடுத்தால்கூட அது ஒரு கட்சியில் சேர்ந்ததாக ஆகிவிடும். சுவரைப் பற்றிப் பேச நாதியில்லை. அது என் கட்சி.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊரில் அவரைத் தங்கமான மனுஷன் என்பார்கள். யார் மனசும் நோகக்கூடாது என்பதுதான் அவர் கொள்கை. இரண்டு பேர் சண்டை போட்டால் நடுவில் போய் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு வருவார். அண்டை அயலில் இதற்கு நல்ல பேர். பொண்டாட்டிக்குத்தான் தெரியும் அதன் லட்சணம்.

நான் பாகூர்ச் சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள் அவர் சமாதானம் பண்ணிவைத்தார். திரும்பி வந்து பார்க்கிறேன், செவலை உச்சிமுதல் வால்வரைக்கும் எண்ணெயில் ஊறிப் பளபளவென்று நிற்கிறது. வேப்பெண்ணெய் நாற்றத்தோடு இன்னொரு நெடியும் அடித்தது.

"இன்னாங்க இது?"

"நைனா எண்ணெய், தம்பி பொடி, ரெண்டயும் ஒண்ணாக் கொழைச்சிப் பூசிட்டோம். ரெண்டு பேருக்கும் சந்தோசம்" என்றார், கல்யாணத்தை முடித்துவைத்தவர் போல.

அதில் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எப்படி வரும்? எங்கள் பக்கத்தில் பொடி என்று எதைக் கண்டாலும் எண்ணெயில் குழைத்துத்தான் பூசுவோம். சிரங்குக்குக் கந்தகம் தேங்காயெண்ணெயில், சொறிக்குக் குப்பைமேனி விளக்கெண்ணெயில். பொடியை வெறுமனே தூவவேண்டும் என்பது எங்கள் கைக்கே வராத சங்கதி. தூவித்தான் பழக்கம் என்று தெரிந்த ஒரே ஆள் கொழுந்தனார். அவரும் பொடி உள்ளே போனால் போதும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். பிற்பாடு ஊருக்கு இதே பொடி கொசு மருந்தாக வந்த காலத்தில், அதை எண்ணெயில் மட்டும் கலக்காதீர்கள், தோல் வழியாக உள்ளே இறங்கிவிடும் என்று அந்த இலாகாக்காரர்களே சொன்னார்கள். அப்போது நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலையில் செவலை கூழைத் தொடவில்லை. உடம்பில் பூசினதையெல்லாம் நக்கியிருந்தது. கண்ணிமை துடித்தது, அப்புறம் தோள், அப்புறம் நாலு காலும். தண்ணீர்ச் சட்டியை நகர்த்தின சத்தத்துக்கே வெட்டி வெட்டி இழுத்தது. தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் வைத்து அரப்புப் போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். வேப்பெண்ணெய் லேசில் போகிற எண்ணெயா? என் கைக்குள்ளேயே அது நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்கிக்கொண்டே என் மணிக்கட்டை நக்கப் பார்த்தது. பொழுது சாய்வதற்குள் போய்விட்டது.

அதன் உடம்பு விறைப்பதற்குள் வாசலில் சண்டை தொடங்கிவிட்டது.

"சொன்னேனே, வெசம்னு. கேட்டீங்களா?"

"பொடி இன்னா பண்ணும்? அதுலயே குளிச்சி எழுந்தவன் நானு, குத்துக்கல்லாட்டம் நிக்கறேன் பாருங்க. எல்லாம் ஒங்க எண்ணெய்தான்."

நாயைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எண்ணெய்க்கு இழுக்கு வந்துவிடக்கூடாது, பொடிக்கு இழுக்கு வந்துவிடக்கூடாது. அதுதான் கவலை. நான் புடவை ஈரத்தோடு அந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நடுவில் போனார்.

"எண்ணெய் மேலயும் தப்பில்ல, பொடி மேலயும் தப்பில்ல. அதோட ஆயுசு அவ்ளோதான். வுடுங்க."

இரண்டு பேரும் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். ஆமாம், ஆயுசு அவ்வளவுதான் என்று பெரியவர் சொன்னார், சின்னவரும் தலையாட்டினார். மூன்று பேருமாகப் போய்க் கொல்லைக் கோடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு வந்தார்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்பனும் பிள்ளைகளும் ஒரே வரிசையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் பரிமாறினேன்.

"பாத்தியா, வூடு எப்டி அமைதியா இருக்குது" என்றார் என் வீட்டுக்காரர், சோற்றைப் பிசைந்துகொண்டே.

நான் குழம்புக் கரண்டியைத் தரையில் வைத்தேன்.

"ஆமாம். செவலை இல்ல, இனிமே ராத்திரியிலகூட சத்தம் இருக்காது" என்றேன். "எல்லார் மனசும் நோவாம பாத்துக்கினீங்க. எம் மனசு நோவுமான்னு கேக்க ஒங்களுக்குத் தோணவே இல்ல."

மாமனார் இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் மோர் கேட்டார். நான் எழுந்து போய் எடுத்துவந்து ஊற்றினேன்.