அஜெண்டாவில் பதினேழாவது பொருள்

ஏழாவது வார்டு மெம்பர் ஜ்வாலாமாலினி வீட்டுக்கு அஜெண்டா வந்தபோது அடுப்பில் கேப்பைக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. பேரூராட்சி ஆபீஸ் ஆள் கையெழுத்துக்கு நோட்டை நீட்டினான். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போட்டாள். இந்தத் தாளை வாங்கி அரிசி டப்பா மேல் வைப்பதும், கூட்டத்துக்குக் கிளம்பும்போது தேடுவதும் மூன்று வருடப் பழக்கம்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர் அது. கூட்டேரிப்பட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் வந்துவிடலாம். பதினைந்து வார்டு, ஒரு வாரச்சந்தை, நாலு பஸ் நிற்கிற ஸ்டாண்டு. பேருக்குத்தான் பேரூராட்சி. ஏழாவது வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது இரண்டு கட்சிக்காரர்களும் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் யாருக்கும் பகை இல்லாத ஆளாக நயினார் வீட்டு அம்மா நிற்கட்டும் என்று இவளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தலைமுறை தலைமுறையாக ஊரில் இருக்கிற சமணக் குடும்பம். கணவர் புஷ்பதந்தன் நிலக்கடலை வியாபாரி; திண்டிவனம் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றுகிறவர். ஓட்டு வாங்கி ஜெயித்த அன்றே சொல்லிவிட்டார்: "மாலினி, உனக்கு பதிலா நான் போய் சேர்ல குந்த மாட்டேன். நீயே போய்க்கோ."

போனாள். மூன்று வருடத்தில் அவள் வாய் கிழியப் பேசி வாங்கியது ஒரே ஒரு விஷயம். பஸ் ஸ்டாண்டை ஒட்டி, சந்தைக்குப் பின்னால், பெண்களுக்கு ஒரு கழிவறை. கட்டி ஐந்து வருடம் பூட்டிக் கிடந்ததைத் திறக்க வைத்து, பார்த்துக்கொள்ள சவுரியம்மாளை ஒப்பந்தத்தில் போட வைத்தாள். விடியற்காலையில் கீரைக்கட்டும் கத்தரிக்காய்க் கூடையுமாக இறங்குகிற பெண்கள் மதியம் வரை அதை நம்பித்தான் தண்ணீர் குடிக்கிறார்கள்.

அன்று அஜெண்டாவை அரிசி டப்பா மேல் வைக்காமல் படித்தாள். வரவு செலவுத் திட்டக் கூட்டம் என்பதால்தான். பதினேழாவது பொருள், கடைசி: 'பயன்பாடு குறைந்த கட்டடங்களைப் பராமரிப்பிலிருந்து விடுவித்தல்.' எது கட்டடம், யாரை விடுவிக்கிறார்கள் என்று ஒன்றும் விளங்கவில்லை. கூழை இறக்கிவிட்டு நேரே ஆபீஸுக்குப் போனாள்.

கிளார்க் தமிழ்மணி தலையைச் சொறிந்தான்.

"அது வந்துங்க மேடம், பஸ் ஸ்டாண்டு லேடீஸ் டாய்லெட்டுங்க. மூடுறாங்க. மேல இருந்து வர்ற மானியம் கொறைஞ்சு போச்சு இல்லீங்களா? எங்கனா கை வெச்சுத்தான் ஆவணும்."

"கக்கூஸை மூடுறோம்னு எழுதறதுக்கு இன்னா? கட்டடமாம், விடுவிக்கறாங்களாம். ஜெயில்லயா கெடக்குது அது?"

"தலைவர் சொல்றத டைப் அடிக்கறேங்க."

"அது ஏன் கடைசியில?"

தமிழ்மணி சுவரில் இருந்த கடிகாரத்தை ஒருமுறை பார்த்தான். உடனே ஃபைலைப் பார்த்தான்.

அவளுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு, "அந்த மினிட் புக்கை எடு" என்றாள்.

சமண வழக்கப்படி, பொழுது சாய்ந்தால் அவள் வீட்டில் யார் வாயிலும் பருக்கை படாது. தண்ணீரும் கிடையாது. கூட்டம் மூன்று மணிக்கு ஆரம்பிக்கும். ஐந்தரை மணிக்கு டீயும் போண்டாவும் வரும். போண்டா வந்துவிட்டால் வேலை முடிந்தது, இனி இந்த ஆம்பிளைகள் தின்றுகொண்டே ஊர்க்கதை பேசப் போகிறார்கள் என்று நினைத்து, கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவாள். விளக்கு வைப்பதற்குள் ரெண்டு பேருக்கும் சாப்பாடு முடிய வேண்டும். மூன்று வருடமும் அப்படித்தான்.

மினிட் புக் வேறு கதை சொன்னது. ஏழாவது வார்டு தெருவிளக்கு ஒத்திவைப்பு: பதினாலாவது பொருள். குடிநீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை என்றானது: பன்னிரண்டாவது. சந்தை சுங்கம் ஏற்றியது: கடைசி. எல்லாமே போண்டாவுக்குப் பிறகு. எல்லாவற்றுக்கும் கீழே 'ஒருமனதாக' என்று தமிழ்மணியின் முத்து முத்தான கையெழுத்து.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருடம் ஒரு போண்டாவுக்கு ஏமாந்திருக்கிறோமே என்றிருந்தது.

கூட்டத்தன்று புஷ்பதந்தனிடம், "உங்களுக்கு டப்பாவுல வெச்சிருக்கேன். பொழுதோட எடுத்துப் போட்டுச் சாப்டுடுங்க. நான் வர லேட்டாவும்" என்றாள்.

"நீ எங்க சாப்புடுவ?"

"ஆபீஸ்லதான்."

அவர் ஒரு பார்வை பார்த்தார். அந்த வீட்டில் குளித்துவிட்டுச் சமைத்து, வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுவதுதான் வழக்கம். ஆம்பிளைகள் நிறைந்த இடத்தில் பெண் பிள்ளை டப்பாவைத் திறந்து சாப்பிட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அவர், "சட்னி தனியா வெச்சுக்கோ, ஊறிப் போவும்" என்றார்.

செயல் அலுவலர் கோபி விழுப்புரத்திலிருந்து வருகிறவர். ரயிலைப் பிடிக்க வேண்டுமே என்று எப்போதும் பாதி எழுந்த மாதிரியே உட்கார்ந்திருப்பார். வரவைப் படித்தார், செலவைப் படித்தார். நடுவில் பதினோரு லட்சம் துண்டு விழுந்தது. அதை அடைக்கத்தான் அன்றைக்குக் கூட்டம். கோடைப் பந்தல் போனது. மருந்தடிக்கிற மெஷின் போனது. காலியான இரண்டு துப்புரவு வேலைக்கு ஆள் எடுப்பதில்லை என்றானது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மெம்பர் கத்தினார், அடுத்ததற்கு அதே மெம்பர் கை தூக்கினார். அடுத்தவன் வார்டு என்றால் எல்லாருக்கும் சிக்கனம் வந்துவிடுகிறது.

ஐந்தரைக்குப் போண்டா வந்தது. பதினான்கு தலைகளும் அவள் பக்கம் திரும்பின. எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து, மேஜை மேல் அஜெண்டாவை விரித்து, அதன்மேல் வைத்துத் திறந்தாள். நாலு இட்லி, மல்லாட்டைச் சட்னி.

தலைவர் வேங்கடேசன் கையில் போண்டா அப்படியே நின்றது.

"இன்னாம்மா, வூட்டுக்குப் போவலியா?"

"இல்ல தலைவரே. வூட்டையே எடுத்தாந்துட்டேன். நீங்க போண்டா சாப்புடுங்க, நான் இட்லி சாப்புடறேன். சாப்டுகினே பதினேழாவது பொருளைப் பேசுவோம்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். இத்தனை பேர் பார்க்கச் சாப்பிடுவது புடவை நழுவின மாதிரி இருந்தது. இருந்தாலும் நாலையும் தின்றாள். ஜன்னலில் வெயில் இருக்கும்போதே ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து வைத்தாள். இனி காலைக்குத்தான்.

பதினேழாவது பொருள் வந்தபோது மணி ஆறரை.

"யாரும்மா அங்க போறாங்க?" என்றார் பதினோராவது வார்டு மாரியப்பன். "அந்தக் காலத்துல பொம்பளைங்க எங்க போனாங்களோ அங்கயே போவட்டும்."

"செரி. உங்க வூட்டு பாத்ரூமை நாளைக்கே இடிச்சுடுங்க மாரியப்பண்ணே. அந்தச் செங்கல்லுல இதுக்குத் தண்ணித் தொட்டி கட்டிக்கலாம். உங்க சம்சாரம் அந்தக் காலத்துல போன எடத்துக்கே போவட்டும்."

மாரியப்பன் போண்டாத் தட்டைப் பார்த்தார்.

வேங்கடேசன் கெட்டவர் இல்லை. அவரும் களைத்துப் போயிருந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"மாலினிம்மா, நான் இன்னா நோட்டா அடிக்கறேன்? ஆளு சம்பளம், கரண்டு, மோட்டாரு எல்லாம் சேத்து வருஷத்துக்கு ஒண்ணே முக்கா லட்சம். குடுக்கறவன் குடுக்கறத நிறுத்திட்டான். நீயே சொல்லு, எங்கேர்ந்து எடுக்கட்டும்?"

சொன்னாள். ஊர் எல்லை வளைவுக்குப் பெயிண்ட் அடிக்க வைத்த பணம். அது போன மாதமே கான்ட்ராக்ட் விட்டாகிவிட்டது என்றார்கள். கூட்டத்துக்கு டீ, போண்டா. அது வருடம் முழுக்க நிறுத்தினாலும் சவுரியம்மாளின் ஒரு மாதச் சம்பளம் வராது என்று கோபி கணக்குப் போட்டுக் காட்டினார். ஒன்பதாவது வார்டு சமுதாயக் கூடத்துச் சுவர். ஒன்பதாவது வார்டுக்காரர் எழுந்து மேஜையைத் தட்டினார். ஏழு மணி ஆகிவிட்டது. பேசிப் பேசித் தொண்டை காய்ந்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. எதிரே தண்ணீர் பாட்டில் வரிசையாக இருந்தது.

கோபி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அதே தொகையில ஒண்ணு இருக்குது. உங்க தெரு கால்வாய், சிலாப் வேலை. இன்னும் டெண்டர் விடலை."

ஒன்பதாவது வார்டுக்காரர் உட்கார்ந்தார்.

அந்தக் கால்வாய்க்குத்தான் அவள் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டாள். மழை வந்தால் சாக்கடை தெருவில் ஏறும். புஷ்பதந்தனின் குடோனுக்குள் புகுந்து போன வருடம் ஆறு மூட்டை மல்லாட்டை முளைத்துப் போனது. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு ஒடிந்து ஒன்றரை மாதம் கட்டோடு இருந்தாள். மூன்று வருடம் அலைந்து, இந்த வருடத் திட்டத்தில்தான் அது ஏறியிருந்தது.

எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். இப்போதாவது வாயை மூடுவாள் என்ற நம்பிக்கை அந்த முகங்களில் இருந்தது. அவளுக்கும் மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக ஆசைதான். பெஞ்சு இடுப்பைக் கொன்றது. சவுரியம்மாள் யார், கீரைக்காரிகள் யார்? அவளுக்கு ஓட்டுப் போட்டவர்களா? பாதிப்பேர் இந்த ஊரே இல்லை.

ஆனால் மூன்று வருடத்தில் வாங்கியது அது ஒன்றுதான். மழை வந்தால் வாசலில் பலகை போட்டுக்கொள்ளலாம். அந்தப் பெண்களுக்கு என்ன பலகை போடுவது?

"எடுத்துடுங்க" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லும்மா" என்றார் வேங்கடேசன்.

"யோசிச்சா மாத்திப் பேசிடுவேன். ஜல்தி எழுதுப்பா தமிழ்மணி. கக்கூஸு, பெண்கள் கக்கூஸுன்னு தெளிவா எழுது. கட்டடம்னு எழுதாத."

மறுநாள் காலையில் சந்தைக்குப் போனாள். சவுரியம்மாள் பக்கெட்டை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"மூடலியாமே மெம்பரம்மா?"

"மூடல. இந்த வருஷம் ஓடும்."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் வரட்டும்."

"செரி. மோட்டாரு நேத்துலேர்ந்து தண்ணி ஏத்தல. கொடத்துல தூக்கி ஊத்தி ஊத்தி தோளு போச்சு. பேஜாரா கீது. அதையும் சொல்லிட்டு வந்திருக்கலாமில்ல?"

சொல்கிறேன் என்று எழுதிக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு கீரைக்காரி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இவள் யாரென்றே தெரியாமல் தாண்டிப் போனாள்.

தெருமுனையில் கிருஷ்ணவேணி கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தாள். சேதி முந்தியே வந்து சேர்ந்திருந்தது என்பது அவள் நின்ற தோரணையில் தெரிந்தது.

"நெசமாக்கா? நம்ம கால்வாயை நீயே வுட்டுக் குடுத்துட்டியாமே?"

"ஆமா."

"எந்த ஊர்க்காரியோ ஒண்ணுக்குப் போறதுக்கு நாங்க சாக்கடையில நிக்கணுமா? இந்தக் கையைப் பாரு, இன்னும் தோசைக்கல்லு தூக்க முடியல. உன்ன நம்பித்தான ஓட்டுப் போட்டேன்?"

ஜ்வாலாமாலினிக்குச் சொல்வதற்கு நியாயம் நிறைய இருந்தது. நேற்று ஹாலில் சொன்னதையெல்லாம் திரும்பச் சொல்லலாம். ஆனால் கிருஷ்ணவேணி சொன்னதிலும் ஒரு சொல் தப்பில்லை.

"போட்ட, இல்லேங்கல. அடுத்த வாட்டி போடாத. மழைக்கு முன்னாடி அந்த அடைப்பையாவது எடுக்கச் சொல்லி இன்னிக்கே மனு எழுதறேன். நீயும் ஒரு கையெழுத்து போடு."

"எந்தக் கையால போடறது?"

"நல்ல கையாலதான்" என்றாள் ஜ்வாலாமாலினி. கிருஷ்ணவேணி சிரிக்கவில்லை. டப்பாவை வலிக்கிற வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வழியை விட்டு ஒதுங்கினாள்.