வெட்டாத கைதட்டல்

துபாய் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் எனக்கு மேல்கட்டில்காரர் ஏ.சி. மெக்கானிக். எவ்வளவு குளித்தாலும் புருவத்தில் தூசி போகாது. லீவு நாளெல்லாம் ஹெட்போனும் கையுமாக இருப்பார். மகள் பாடுவதை அவர் மனைவி ஒரு போனில் வீடியோவாகவும், இன்னொரு போனில் குரலை மட்டும் தெளிவாகவும் பதிந்து அனுப்புவார். தொடங்கும்போது கேமரா முன் ஒருமுறை கை தட்டுவார். அந்தத் தட்டலை வைத்துத்தான் இவர் படத்தையும் குரலையும் ஒன்றாகப் பொருத்துவார்.

பக்கத்திலிருந்து பாடுவதுபோல் கேட்கும். எனக்கு வயிறு எரியும்.

"சேத்தாச்சுல்ல, அந்தத் தட்டலை வெட்டிருங்க. நல்லாவே இல்ல" என்றேன்.

"வீடியோல எம் பொண்டாட்டி வர்றதே அந்தக் கை மட்டுந்தாண்ணே" என்றார்.

மறுநாள் என் மனைவியிடம், மகனை வீடியோ எடுக்கும்முன் கை தட்டச் சொன்னேன்.

"எதுக்குங்க?" என்றாள்.

வீட்டில் இருப்பது ஒரே போன். பொருத்துவதற்கு எதுவுமில்லை.

"சொன்னாத் தட்டேன்!" என்று கத்தினேன்.