யாரும் உதைக்கவில்லை

காலையில் கட்டிலைவிட்டு இறங்கினால் முதல் பத்துப் பதினைந்து அடி நொண்டித்தான் நடப்பேன். வலது குதிகாலுக்கு மேலே, பின்பக்கம், ஒரு பிடிப்பு. வெந்நீர் ஊற்றிக் கொஞ்சம் நடந்தால் விட்டுவிடும். குன்னூர்க் குளிரில் எல்லாருக்கும் இருப்பதுதான் என்று நினைத்தேன். அப்படி நினைத்தே ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டேன்.

நான் தொழில்முறைக் கால்பந்தாட்டக்காரன். தடுப்பாட்டம் என் இடம். சென்னையிலும் கேரளத்திலும் கிளப்புகளுக்கு ஆடினேன். முப்பத்து மூன்று வயதில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க யாரும் கூப்பிடாதபோது செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம்) பக்கம் வந்தேன். கூடலூரிலும் எல்லை தாண்டியும் சீசனில் வாரத்துக்கு மூன்று, நான்கு ஆட்டம் இருக்கும். காலில் வலி என்று சொன்னால் அடுத்த ஆட்டத்தில் நம் இடத்தில் வேறொருவன் நிற்பான். அதனால் வலி அதிகமானபோது குதிகால் பக்கம் ஸ்டீராய்டு ஊசி (வீக்கத்தையும் வலியையும் தற்காலிகமாக அடக்கும் மருந்து) போட்டுக்கொண்டு இறங்கினேன். மூன்று முறை. தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் வேலை பார்க்கும் என் மனைவி சுமதிக்கு அது தெரியாது.

முப்பத்தேழாவது வயதில், கூடலூரில் ஒரு ஞாயிறு மாலை ஆட்டம். தலைக்கு மேலே போன பந்தைத் துரத்தத் திரும்பி, வலது காலை ஊன்றினேன். யாரோ பின்னாலிருந்து பூட்ஸ் காலால் ஓங்கி உதைத்தது போலிருந்தது. 'டப்' என்ற சத்தம்கூடக் கேட்டது. விழுந்தவன் திரும்பிப் பார்த்தேன். எதிரணியின் ரஃபீக் நின்றிருந்தான். தேவாலாக்காரன், நல்ல முன்வரிசை ஆட்டக்காரன். தரையில் உட்கார்ந்தபடியே அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"நான் தொட்டிட்டே இல்ல சேட்டா. இப்பத்தானே ஓடி வர்றேன்," என்றான் மலையாளம் கலந்த தமிழில்.

நடுவரும் அதையே சொன்னார். நான் நம்பவில்லை.

மறுநாள் கோயம்புத்தூரில் எலும்பு மருத்துவர் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். இடது கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கினார். பிறகு வலது. எனக்கு எதுவும் தெரியவில்லை, முகம் தலையணையில் இருந்தது. பார்த்தவள் சுமதி.

"அந்தக் காலு அமுக்குனா பாதம் ஆடுச்சுங்க. இது ஆடவே இல்லீங்களே," என்றாள்.

"அதுதாம்மா. நாண் அறுந்துபோச்சு," என்றார் மருத்துவர். குதிகால் நாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த நார்) முழுதாக அறுந்திருந்தது. யாரோ உதைத்ததாகச் சொன்னேன். "முக்கால்வாசிப் பேரு அப்படித்தான் சொல்லுவாங்க," என்றவர் கேட்டார். "அங்க ஊசி ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?"

வாய்வரை பொய் வந்தது. சொல்லவில்லை. "மூணு தடவைங்க."

ஊசிதான் காரணம் என்று அவர் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் ஏற்கெனவே நைந்திருந்த நாண் அதனால் இன்னும் பலவீனப்பட்டிருக்கலாம் என்றார். வலி என்பது நில் என்ற சொல். அந்தச் சொல்லைத்தான் நான் மூன்று முறை வாயடைத்திருந்தேன்.

திரும்பும் வழியில் மேட்டுப்பாளையம் தாண்டியிருந்தோம். சுமதி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள். "சொன்னா நான் தடுப்பேன்னுதானுங்களே சொல்லல?"

"ஆமா," என்றேன்.

"தடுத்திருப்பேன்," என்றாள்.

நான்காம் நாள் அறுவை சிகிச்சை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்து, அறுந்த இரண்டு முனைகளையும் இழுத்துத் தைத்தார்கள். விரல்கள் தரையைப் பார்க்கும்படி பாதத்தை வளைத்து மாவுக்கட்டு. இரண்டு வாரம் கழித்துத் தையல் பிரித்து, குதிகாலை உயர்த்திவைக்க அடியில் மூன்று ஆப்பு வைத்த பூட் கொடுத்தார்கள். வாரங்கள் போகப்போக ஒவ்வொன்றாக ஆப்பை எடுக்க வேண்டும்.

கட்டோடு கிடந்த நாட்களில் யாரோ செல்போனில் எடுத்த வீடியோ வந்தது. நான் விழும்போது ரஃபீக் ஐந்தாறு அடி தள்ளி இருந்தான். நான்கைந்து தடவை பார்த்தேன். பிறகு அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

"சாரமில்ல, பரவால்ல சேட்டா, வலியில சொன்னதுதானே. இப்ப கால் எப்படி?" என்றான்.

இதே காயத்தோடு இதைப் படிப்பவருக்கு ஒன்று சொல்வேன். அறுவை சிகிச்சை சுலபம், நாம் படுத்துக்கிடந்தால் போதும். பிறகு வரும் மாதங்கள்தான் வேலை. "மேடு ஏறாதீங்க, நாண் இழுபடும். சமதளத்துல நடங்க," என்றார் பிசியோதெரபிஸ்ட். எங்கள் வீடு சாலையிலிருந்து அறுபது படி கீழே. "எங்க ஊருல சமதளத்துக்கு எங்கீங்க போறது?" என்று கேட்டேன். கடைசியில் சுமதி மேனேஜரிடம் கேட்டு, ஃபேக்டரி முன்னால் லாரி நிற்கும் இடத்தில் காலையில் நடக்க அனுமதி வாங்கினாள். பச்சைத் தேயிலை மூட்டை இறக்குகிறவர்கள் நடுவே ஊன்றுகோலோடு போய்வருவேன்.

நான்காவது மாதம் ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கச் சொன்னார்கள். மனம் தூக்கு என்றது. கால் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. கெண்டைக்கால் சூம்பி, காலுறை நிற்காமல் வழிந்தது. அன்றுதான் பயந்தேன். ஏழாவது மாதம் ஒரு விரல் உயரம் எழுந்தது. சுமதி குனிந்து, அடியில் தன் விரலை விட்டுப் பார்த்து, "நுழையுதுங்க," என்றாள்.

பதினொன்றாவது மாதம் ஆடலாம் என்றார் மருத்துவர். பழைய அணி கூப்பிட்டது. சுமதி லீவு போட்டுக்கொண்டு கூட வந்தாள்.

பன்னிரண்டு நிமிடம் ஆடினேன். தவறு எதுவும் செய்யவில்லை. ஆனால் பந்து எங்கே விழும் என்று முன்பு போலவே தெரிந்தும், அங்கே நான் போய்ச் சேரும்போது வேறொருவன் அதை எடுத்துப் போயிருந்தான். ஒரு முறையல்ல, மூன்று முறை. ஓரத்தில் நின்ற அணி மேனேஜரிடம் ஆளை மாற்றச் சொல்லிக் கையைச் சுழற்றினேன். அவர் என் காலைப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

இருபது வருடமாகப் பல மேனேஜர்களிடம் சொன்ன பதில்தான். உண்மையாகச் சொன்னது அன்றுதான்.

சுமதி நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். பூட்ஸைக் கழற்றி, தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். இளஞ்சூடாக இருந்தது, நாடி துடித்தது. முதல் பாதி முடியப் பதினெட்டு நிமிடம் மிச்சமிருந்தது. பதினெட்டு நிமிடம் இவ்வளவு நீளமானது என்பது உள்ளே ஓடிக்கொண்டிருந்தவரை எனக்குத் தெரியாது.