கூண்டுக்காரர் சொல்லாமல் விட்டது

வீட்டுக் கூரைக்குள் குடியேறிய மரநாய், ஓட்டுக்கடியில் தொங்கும் வௌவால், சமையலறை ஜன்னலைப் பெயர்க்கும் குரங்கு, இவற்றையெல்லாம் பிடித்து அப்புறப்படுத்துவதுதான் கூண்டுக்காரரின் தொழில். பத்தொன்பது வருடமாகச் செய்து வருகிறார். வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்கி, சட்டப்படி செய்கிறவர். பிடித்ததைக் கொல்லக் கூடாது, அலுவலகத்தில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு உயிர்கூடத் தன் கூண்டில் சாகவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "என் மேல அடிக்கிற நாத்தத்துக்கு எவ வருவா?" என்பார். தங்கை வீட்டு மாடியறையில் இருந்தார். சாப்பாடு கீழே, தங்கையோடும் அவள் புருஷனோடும். குழந்தை இல்லாத வீடு. போன் எடுப்பது தங்கைதான். "ராத்திரியானா மேல யாரோ நடக்கிறாங்கம்மா" என்று பயந்து பேசுகிறவர்களிடம், "ரெண்டு காலா, நாலு காலான்னு கேட்டுச் சொல்லுங்க, அதுக்குத் தகுந்த ஆளை அனுப்பறேன்" என்பாள்.

மாப்பிள்ளை பலகைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அது மூடிவிட்டதும் மச்சானோடு சேர்ந்துகொண்டார். கூரைக்குள் தவழ்வதற்கென்றே அளவெடுத்தது போன்ற ஒல்லி உடம்பு. மேலே ஏறினால் வாய் ஓயாது. "மச்சான், இங்க ஒரு குடும்பமே நடந்திருக்கு. வாழைப்பழத் தோல், கோழி எலும்பு, யாரோட ஜட்டியோ ஒண்ணு" என்று இருட்டுக்குள்ளிருந்து அறிக்கை வரும். கீழே நிற்கும் வீட்டுக்காரர்கள் சிரிப்பை அடக்கப் பாடுபடுவார்கள். எட்டு வருடம் இப்படிப் போனது.

ஒரு நாள் இருவரும் போனது ஒரு தையல்கார அம்மாவின் வீட்டுக்கு. கீழே நாலு மெஷின், மேலே குடியிருப்பு, அதற்கும் மேலே பலகை அடித்த கூரை. "மூணு நாளா பகல்லயே சத்தம் போடுது. காலையில மாடிப்படியில உட்கார்ந்திருந்தது. துடைப்பத்தைக் காட்டினேன், நகரவே இல்ல" என்றார் அந்த அம்மா.

கூண்டுக்காரருக்கு அது நெருடியது. மரநாய் பகலில் வெளியே வராது. மனித வாடை பட்டாலே ஓடிவிடும். ஆனால் வெயில் காலம், கூரைக்குள் வெக்கை தாங்காமல் வந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கூண்டை வைத்துவிட்டுக் காத்திருக்கும் வேலையே இருக்கவில்லை. மாப்பிள்ளை பலகையை நகர்த்தித் தலையை உள்ளே விட்டதும் அது நேராக அவரை நோக்கி வந்தது. கையுறையைத் துளைத்துக் கட்டை விரலின் அடியில் கடித்தது. மாப்பிள்ளை கையை உதறவில்லை. அப்படியே இன்னொரு கையால் பிடரியைப் பற்றிச் சாக்குக்குள் திணித்துவிட்டுத்தான் இறங்கினார்.

"பல் பட்டுதா?"

"கீறல்தான் மச்சான்."

இரண்டு சிறிய துளைகள். குழாயில் ஒரு நிமிடம் காட்டினார். தையல்கார அம்மா வெட்டுத் துணியால் கட்டிவிட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஊசி போட்டுக்கங்க தம்பி. எதுக்கும் நல்லது" என்றார்.

மாப்பிள்ளை மச்சானின் முகத்தைப் பார்த்தார். தொழிலில் மூத்தவர் என்ன சொல்கிறாரோ அதுதான் அவருக்கு.

"பேர்லதான் நாய். நாய் ஊசி எதுக்கு?" என்றார் கூண்டுக்காரர். "என்னை எத்தனை தடவை கடிச்சிருக்கு, நான் என்ன குரைச்சுக்கிட்டா இருக்கேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைதான் அதிகம் சிரித்தார்.

சாயங்காலம் மாப்பிள்ளையை வீட்டில் இறக்கிவிட்டு, கூண்டுகள் வைத்திருக்கும் கொட்டகைக்கு அவர் மட்டும் போனார். மறுநாள் காலையில்தான் வனத்துறை அலுவலகம் திறக்கும். தண்ணீர் வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். மரநாய் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. ஈறு கிழிந்து ரத்தம் வந்தும் விடவில்லை. வாயில் நூல் நூலாக எச்சில். பின்னங்கால்கள் இரண்டும் இழுபட்டன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் சாய்ந்தது. அப்புறம் அசையவில்லை.

அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் ஏன் செத்தது என்று கேட்பார்கள். வெக்கையில் சாக்கில் கட்டியதால் மூச்சடைத்ததா என்பார்கள். அனுமதிச் சீட்டைப் பிடித்து வைத்தாலும் வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல், தன் கூண்டில் ஒன்று செத்துவிட்டதே என்ற அவமானம். கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்.

மறுநாள் காலையில் வெளியே போய்விட்டு வந்தவருக்குத் தங்கை இட்லி வைக்கும்போது மாப்பிள்ளை கேட்டார்: "ஒப்படைச்சாச்சா?"

"ஆச்சு."

ஒரு வாரம் மாப்பிள்ளையின் கையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். புண் ஆறியது. அதோடு அவர் மனதும் ஆறிவிட்டது.

இரண்டரை மாதம் கழித்து, மாப்பிள்ளை கட்டை விரலைத் தேய்த்துக்கொண்டே இருப்பதைத் தங்கைதான் கவனித்தாள். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. ஏணி தூக்கிப் பிடிச்சுக்கிச்சு போல" என்றார். இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் காலையில் டீ டம்ளரை வாயருகே கொண்டுபோனவருக்குத் தொண்டை இறுகிக்கொண்டது. டம்ளர் தெறித்து விழுந்தது. தண்ணீர் கொடுத்தாள்; பார்த்ததுமே உடம்பு தூக்கிப் போட்டது. "ஃபேனை நிறுத்து, காத்து முகத்துல படுது" என்று கத்தினார். ஒரு நாளும் அவளிடம் கத்தியதில்லை.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா. மாப்பிள்ளையைத் தனி அறைக்கு அனுப்பிவிட்டு, இவர்கள் இருவரையும் எதிரில் உட்கார வைத்தார்.

"இந்த ரெண்டு மூணு மாசத்துல ஏதாவது மிருகம் கடிச்சுதா?"

"அவங்க தொழிலே அதுதான் டாக்டர்" என்றாள் தங்கை. "கையில ஒரு மரநாய் லேசா கீறுச்சுன்னாங்க. அது அப்பவே ஆறிடுச்சு."

"அந்த மரநாய் என்ன ஆச்சு?"

தங்கை அண்ணன் பக்கம் திரும்பினாள். அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பகலில் வந்தது, கம்பியைக் கடித்தது, எச்சில், இழுபட்ட கால், குழி, சுண்ணாம்பு. ஊசி வேண்டாம் என்று சொன்னதையும் சொன்னார்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். "அன்னைக்கே வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். இது வெறிநோய்; வந்த பிறகு மருந்து கிடையாது. வலியும் பயமும் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இடையிடையே மாப்பிள்ளைக்குத் தெளிவு வந்தது. அப்படி ஒரு சமயம் கூண்டுக்காரர் கட்டிலருகே இருந்தார். தங்கை கதவோரம் நின்றிருந்தாள்.

"மச்சான், அதைக் காட்டுல விட்டாங்களா?"

"விட்டாங்க."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன். பிடிச்ச ஓட்டம் நிக்கவே இல்ல."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். நாலாம் நாள் இறந்துபோனார்.

காரியமெல்லாம் முடிந்ததும் கூண்டுக்காரர் தானாகவே வனத்துறை அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னார். குழியைத் தோண்டிப் பார்த்தார்கள். சுண்ணாம்பில் பரிசோதிக்க ஒன்றும் மிச்சமில்லை. அனுமதிச் சீட்டை ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். அவரும் தங்கையும் தையல்கார அம்மாவும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வரிசையில் நின்று கையை நீட்டினார். சுருக்கென்று ஒரு குத்து, ஒரு பஞ்சு. எழுந்து வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து, ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

தங்கை அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். மாடிப்படியின் கீழ்ப்படியில் சாப்பாட்டுத் தட்டு மூடி வைத்திருக்கும். அவர் ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போனார். வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்து மூட்டையும் கட்டினார். அப்போதுதான் அவள் மாடியேறி வந்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவை.

"சாகப் போறவர்கிட்ட ஒண்ணு சொன்னியே, காட்டுக்குள்ள ஓடிடுச்சுன்னு. அதுக்கு நான் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். "மறுநாள் காலையில 'ஆச்சு'ன்னு சொன்னியே, அதை என்னால விழுங்க முடியல. எந்தக் காலத்துலயும் முடியாது."

அவர் மூட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"போன் வந்துக்கிட்டேதான் இருக்கு. சீட்டு வந்ததும் வேலைக்குப் போ. ஆனா நானும் வருவேன்."

"நீ எதுக்கும்மா கூரையிலயும் ஏணியிலயும்?"

"தனியா விட்டா மறுபடியும் எதையாவது மறைப்ப."

அதிலிருந்து இருவரும்தான் போகிறார்கள். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஏணியைப் பிடிப்பது அவள் வேலை. பிடிபட்டது உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும், அலுவலகத்தில் அவளே நின்று கையெழுத்து வாங்குகிறாள். போன மாதம் ஒரு வீட்டில், கணக்கு வாத்தியார் ஒருவர், குரங்கு பிறாண்டிய முழங்கையைச் சட்டைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு, "சின்னதுதாம்மா, மஞ்சள் வச்சாச்சு" என்றார். வந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவ வைத்து, அவரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத்தான் அவள் திரும்பினாள். அவர் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

அண்ணன் தங்கைக்குள் வேலைப் பேச்சுதான். ஏணியை இந்தப் பக்கம் சாய், டார்ச்சைக் கொடு, வலை போதாது. கூரையிலிருந்து இறங்கியதும் கூண்டுக்காரர் கையுறையைக் கழற்றி இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டுகிறார். அவள் வெளிச்சத்துக்குத் திருப்பி, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். எல்லாம் பார்த்து முடித்ததும் கையை விட்டுவிட்டு ஏணியை மடக்கப் போகிறாள்.