அண்ணனுக்காகப் பூ கேட்ட நாள்

வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டிய இரண்டு பொட்டலங்கள் சமயபுரத்தில் அம்மன் சந்நிதிக்கு முன்னால் கிடந்தன. ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, மற்றதில் சிவப்பு அரளி. வெள்ளை வந்தால் அண்ணன் அம்மை குத்திக்கொள்ளலாம், சிவப்பு வந்தால் கூடாது. "கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை எடுடி" என்றாள் அம்மா. ஐம்பதுகளின் நடுவில் அது. எனக்கு எட்டு வயது.

அண்ணனுக்கு முன் பிறந்த பிள்ளையை அம்மை கொண்டுபோயிற்று. அண்ணன் பிறந்ததும், இவன் உடம்பில் ஊசி படாமல் வளர்க்கிறேன், நீ காப்பாற்று என்று அம்மா சமயபுரத்தாளிடம் வேண்டிக்கொண்டாள். காட்டூருக்கு அம்மை குத்துகிறவர் வரும்போதெல்லாம் அவனை வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளித்து வைப்பாளாம். எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே குத்திவிட்டார்கள். எனக்காக யாரும் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை.

வளர்ந்ததும் அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்தான். அங்கே வைக்கோல் போர் ஏது? சேர்ந்த புதிதில் வரிசையில் நிற்க வைத்து அம்மை குத்தினார்கள். அண்ணன் கையை நீட்ட மறுத்துவிட்டான். அவனுடைய அதிகாரி கொஞ்சம் ஈரமுள்ளவர். ஊருக்குப் போய் அம்மாவிடம் சம்மதம் வாங்கி வா, வந்தும் மறுத்தால் ஜெயில்தான் என்று லீவு கொடுத்து அனுப்பினார்.

அம்மா எங்களை மன்னார்புரத்தில் ஒரு வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனாள். சாமி காரியத்துக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்குமே என்று அவளுக்கு நம்பிக்கை. வக்கீல் பொறுமையாகத்தான் சொன்னார். "மத்தவங்களுக்கு இருக்குற அந்த உரிமையைப் பட்டாளத்துக்காரருக்குக் குறைக்கலாம்னு அரசியல் சட்டத்துலயே இருக்கும்மா. முதல்ல உத்தரவுக்குக் கீழ்ப்படியணும். குறை இருந்தா அப்புறம் மேலதிகாரிக்கு மனு போடலாம்."

"குத்தினதுக்கு அப்புறம் மனு எதுக்குங்க? குத்தினதைத் திருப்பி எடுத்துடுவாங்களா?" என்று கேட்டாள் அம்மா. வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேண்டிக்கிட்டது நீங்க. நீங்களே அம்மன்கிட்டக் கேட்டு அதை மாத்திக்குங்க" என்றார். அப்படித்தான் பூ கேட்கப் போனோம்.

நான் எடுத்த பொட்டலத்தில் அரளி இருந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் என்னைக் கேலி செய்துகொண்டே வந்தான். "உன்னைத்தான்டி பட்டாளக் கோர்ட்டுல ஜட்ஜா போடணும்." அம்மாவுக்குத் தெரியாமல் குத்திக்கொள்ளேன் என்று அவன் காதில் சொன்னேன். "தழும்பைப் பாத்தா அம்மா தாங்காதுடி" என்றான். வேண்டுதலில் அவனுக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. அம்மாவிடம் பொய் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான்.

போனான், மறுத்தான், ஜெயிலில் இருந்தான். பிறகு வேலையை விட்டு நீக்கி அனுப்பினார்கள். இளைத்துக் கறுத்து வந்தவனுக்கு அம்மா திருஷ்டி கழித்து, என் பிள்ளை வாக்கைக் காப்பாற்றிவிட்டான் என்று தெருவெல்லாம் சொன்னாள். அடுத்த கோடையில் எங்கள் தெருவுக்கு அம்மை வந்தது. வாசலில் வேப்பிலை செருகினோம், வீட்டில் தாளிப்பதை நிறுத்தினோம். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன், எனக்கு ஒன்றும் வரவில்லை. அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரவேயில்லை. ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்று ஊரார் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எடுத்தது என் கைதானே என்று பல வருஷம் மருகினேன். எட்டு வயதுப் பெண் என்ன செய்திருக்க முடியும் என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் இன்றுவரை கடைக்காரர் இரண்டு புடவையை விரித்து எது வேண்டும் என்று கேட்டால் என் கை பின்னால் போகிறது. என் கணவர் சிரிப்பார். அவருக்கு நான் காரணம் சொன்னதில்லை.

அறுபதுகளின் கடைசியில், ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு வாசலுக்கு அம்மை குத்துகிறவர்கள் வந்தார்கள். மகனுக்கு ஆறு மாதம். அம்மா உள்ளே படுத்திருந்தாள். நான் ஒருவரையும் கேட்காமல் அவன் கையைப் பிடித்து நீட்டினேன். வீறிட்டு அழுதான். சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்து, சிவந்திருந்த அந்தச் சின்னக் கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரையும் கேக்காமலே குத்திட்டியா?"

"ஆமாம்மா."

திட்டுவாள் என்று நினைத்தேன். பிள்ளையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நானும் கேக்காம இருந்திருக்கணும்டி" என்றாள்.