வெடிக்காத ரிவோல்வர்

குறி தப்பினால் நான் என்ர ரிவோல்வரைத்தான் திட்டுவன். முதல் கைபிடியை மாத்தினன், பிறகு குறிபார்க்கிற முள்ளை மாத்தினன். விசை இழுக்கப் பாரமாக் கிடக்குதெண்டு கடைசியா ஸ்பிரிங்கையும் மெல்லிசா மாத்திப்போட்டு, துவக்குச் சுட்டுப் பழகுற கிளப்புக்கு என்ர மனிசியையும் கூட்டிக்கொண்டு போனன்.

"இப்ப பாரும்!" எண்டு விசையை இழுத்தன். 'டிக்' எண்டது. மெல்லிய ஸ்பிரிங் அடிச்ச அடி தோட்டாவுக்குப் போதாமல், அது வெடிக்கேல்லை. ஆனால் நான் வெடிக்கப்போகுதெண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, துவக்கை நிலத்தைப் பார்க்கச் சரிச்சுப்போட்டு நிண்டன்.

காதில மூடி போட்டிருந்ததால மனிசி எல்லாருக்கும் கேக்கக் கத்தினா: "இஞ்சேருங்கோ, அது வெடிக்கவே இல்லை! நீங்கள் ஏன் துள்ளினனீங்கள்?"

இப்ப பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் பூட்டியிருக்கிறன். குறி தப்பினால் திட்டுறதுக்கு என்னை விட்டால் வேற ஆளில்லை எண்டதுதான் கரைச்சல்.